ஓர்லின் வோபோர்னி வாசித்த ஒரே பெயர்

ஓர்லின் வோபோர்னிக்கு வயது அறுபத்து மூன்று. வயலை வட்டமாகச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் கால் மைல் நீளக் குழாய்களைப் பழுது பார்ப்பது தொழில். ஆனால் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், கவுண்டி என்று சொல்லும் எங்கள் சின்ன மாவட்டத்துக்குள் அவரைக் குழாய்க்காரர் என்று யாரும் சொல்வதில்லை. காலை ஆறு மணிக்கு வானொலியைத் திருகினால் வருகிற ஆள் அவர். சனி ஞாயிறு நீங்கலாக, இருபத்திரண்டு வருடமாக, தினம் ஒரு மணி நேரம் பேசுகிறார். சம்பளம் கிடையாது. விளம்பரம் கொடுக்கும் விதைக்கடைக்காரர் கிறிஸ்துமஸுக்கு ஒரு தொப்பி தருவார். தொப்பி இருபத்திரண்டு சேர்ந்துவிட்டது, தலை ஒன்றுதான்.

வானொலி நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மாடு மேயும் புல்வெளி நடுவே சிமெண்டுக் கல்லில் கட்டிய ஓர் அறை, அதன் தலைக்கு மேல் நானூறு அடிக்கு ஒரு இரும்புக் கோபுரம். அவர் பேசும்போது கோபுரத்துக்குப் பக்கத்து முள்கம்பி வேலியில் காது வைத்தால் கம்பிக்குள்ளேயே அவர் குரல் கேட்கும் என்பார்கள். வைத்துப் பார்த்தவர்களில் பாதிப் பேர் சத்தியமாகக் கேட்டது என்கிறார்கள். மீதிப் பேருக்குக் காதில் கீறல்.

அவருடைய வேதம் எளிமையானது. அரசாங்கம் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும். வரவுக்கு மேல் செலவு செய்கிற வீடும் உருப்படாது, வாஷிங்டனும் உருப்படாது. அடுத்தவன் சண்டைக்குள் நுழையுமுன் வெளியே வரும் வாசல் எது என்று பார்த்து வைக்க வேண்டும். நுழைந்துவிட்டால் ஜெயிக்காமல் திரும்பக் கூடாது. உழைக்காமல் வரும் காசு உடம்பில் ஒட்டாது. இதைத்தான் இருபத்திரண்டு வருடமாகத் திருப்பித் திருப்பிச் சொன்னார். ஒரு நாளாவது அலுத்திருக்க வேண்டும். அலுக்கவில்லை, அதுதான் எங்களுக்குப் பிடிபடாத விஷயம்.

அவர் படிப்பு பன்னிரண்டாவதோடு சரி. கடல் பார்த்தவரும் இல்லை. ஆனால் நிலையத்தின் சுவரில் ஒரு பழைய பள்ளிக்கூட உலகப்படத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, எங்கோ தூரதேசத்தில் சண்டை மூண்டபோது, அங்கே ஒடுங்கலாகக் கிடந்த ஒரு கடல்வழியைக் காட்டி, கேட்பவர்களுக்குப் படம் தெரியாது என்பதையே மறந்து, இப்படிச் சொன்னார்:

"இது ஒரு வால்வு, அவ்வளவுதான். இந்த வால்வுல ஒருத்தன் கைய வெச்சான்னா, பத்து நாள்ல நம்ம யூரியா விலை ஏறும். எழுதி வெச்சுக்கங்க."

ஆறாவது நாள் ஏறியது. நாலு நாள் முந்திவிட்டது என்று மறுநாள் மன்னிப்புக் கேட்டார். கிரீஸ் படிந்த விரலால் உலகத்தின் எந்தக் குழாய் எந்தக் குழாயோடு சேர்கிறது என்று அந்த மனுஷன் தடவிக் கண்டுபிடிப்பதைக் கேட்டு, எண்பது வயது விவசாயிகள் டிராக்டரை நிறுத்திவிட்டு வானொலிப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியில் பார்க்க ஒன்றும் இல்லை.

இவ்வளவு பெரிய ஆளுக்குத் தன் வீட்டுக் காகிதம் ஒன்றுகூடத் தெரியாது. எங்கள் கவுண்டியில் காகிதம் பெண்கள் இலாகா. வரி, காப்பீடு, வங்கி, வேளாண் அலுவலகம் எல்லாம் மனைவிமார் பார்த்துக்கொள்வார்கள். கையெழுத்து தேவைப்பட்டால் காகிதத்தை வயலுக்கே கொண்டு வந்து பிக்கப் வண்டியின் முன்மூடியில் பரப்புவார்கள். ஆம்பளை கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு "எங்க?" என்பான். "இங்க." போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவான். படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவன் என்று ஒருவனை இந்தப் பக்கம் காட்ட முடியாது. படித்தால் மனைவியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

ஓர்லினுக்கு அந்த இலாகா மந்திரி ஆர்டித். முப்பத்து நாலு வருடமாக அவர் மனைவி. அவள் அவருடைய நிகழ்ச்சியைக் கேட்பதில்லை. "அதே ஆள் அதையேதான் சாப்பிடும்போதும் சொல்றாரு. அங்கயாவது அணைக்கப் பொத்தான் இருக்கு" என்பாள்.

அந்த வருடம் எல்லாம் ஒரே நேரத்தில் கவிழ்ந்தது. யூரியாவும் டீசலும் ஏறின. வாஷிங்டன் இறக்குமதி வரியைப் போட, பதிலுக்குக் கடல் தாண்டி சோயா வாங்குகிறவன் வாங்குவதை நிறுத்தினான். தானியக் கிடங்கில் போன வருடத்துச் சோயாவே மலையாய்க் கிடந்தது. அப்போது அரசாங்கம், நஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு நிவாரணப் பணம் என்று அறிவித்து, விண்ணப்பித்தவர்களுக்குக் கொடுக்கவும் தொடங்கியது. கவுண்டியே மூச்சு விட்டது.

ஓர்லின் மட்டும் விடவில்லை.

"நகரத்துல ஒருத்தன் வேலை இல்லாம கைய நீட்டினா நாம என்ன சொல்றோம்? இருபத்திரண்டு வருஷமா நான் என்ன சொல்றேன்? இப்ப நம்ம வாசலுக்கு வந்தா மட்டும் அதுக்குப் பேரு வேறயா?" என்றார் அந்த செப்டம்பர் திங்கட்கிழமை.

நேயர்களில் முதலில் போன் செய்தவர் லம்பர்ட் ஸ்வோபோடா. ஆயிரத்து இருநூறு ஏக்கர்க்காரர், ஓர்லினோடு ஒன்றாவது வகுப்பிலிருந்து படித்தவர்.

"ஏப்பா ஓர்லின், உனக்கென்ன, நூத்தி அறுபது ஏக்கரும் ஒரு ஸ்பானரும். பேசுவே."

"ஸ்பானர் ரெண்டு இருக்கு லம்பர்ட். ஒண்ணு உன்கிட்ட இருக்கு, மார்ச்லேருந்து."

"பேச்ச மாத்தாத. வாங்கினவன் எல்லாம் பிச்சைக்காரன்னு சொல்றியா?"

"நான் சொல்லல. பட்டியல் பொதுவுல இருக்கு. யார் வேணா பாக்கலாம். வெட்கப்பட ஒண்ணும் இல்லேன்னா வெள்ளிக்கிழமை காலைல நானே வாசிக்கறேன், ஏலேருந்து இசட் வரைக்கும்."

சொல்லி முடித்தபின் அவருக்கே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றியிருக்கும். ஆனால் காற்றில் விட்ட சொல். காரை நிறுத்தலாம், சொல்லை நிறுத்த முடியாது.

செவ்வாய்க்கிழமையே பலன் தெரிந்தது. எங்கள் சாலைகளில் எதிரே வண்டி வந்தால், தெரிந்தவனோ தெரியாதவனோ, ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டுவோம். அதுதான் வணக்கம், குசலம், வானிலை அறிக்கை எல்லாம். அன்று ஓர்லின் பதினெட்டு மைல் ஓட்டினார். பதினொரு வண்டி எதிரே வந்தது. ஒரு விரல் எழவில்லை. அவர் மட்டும் பதினொரு தடவையும் தூக்கினார்.

வியாழக்கிழமை மதியம், நிலையத்தை நடத்தும் டெல்மர் குச்செரா பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஓர்லின், நம்ம பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சுன்னு வெச்சுக்குவோம்."

"தீந்துடுச்சா?"

"யூ எழுத்தோட தீந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்."

ஓர்லின் கடைசிப் பக்கத்தை எடுத்தார். வி எழுத்தில் இரண்டே பேர். இரண்டாவது: வோபோர்னி, ஓர்லின் ஜே.

டெல்மர் சொல்லுவார், அந்த மனுஷன் காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் காபி ஆறிப்போனது என்று. பிறகு ஓர்லின் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஆர்டித் பன்றி இறைச்சியும் புளித்த முட்டைக்கோஸும் எடுத்து வைத்திருந்தாள். அவர் உட்காராமல் காகிதத்தை நீட்டினார். அவள் பார்த்தாள். அலமாரியைத் திறந்து நகலை எடுத்து, அவருடைய தட்டின் பக்கத்தில் வைத்தாள். விண்ணப்பத்தின் அடியில் அவர் கையெழுத்து. பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கிரீஸ் கறை.

"என்னன்னு நீ சொல்லல."

"நீ கேக்கல. முப்பத்து நாலு வருஷத்துல ஒரு தடவதான் என்னன்னு கேட்டுக் கையெழுத்துப் போட்டே. அது கல்யாணப் பத்திரம்."

"திங்கக்கிழமை நான் என்ன பேசினேன்னு தெரியுமா?"

"கடையில சொன்னாங்க. எல்லாருக்கும் குடுத்த கொலாச் பன்னு எனக்கு மட்டும் யாரும் குடுக்கல." அவள் உட்கார்ந்தாள். "ஜூலைல கெணத்து மோட்டார் எரிஞ்சுது ஓர்லின். அந்த வாரம் நீ பன்னெண்டு பேரோட குழாயைச் சரிபண்ணிட்டு, காசு அறுப்புக்கப்பறம் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தே. நம்ம வயல்ல குழாய் ஒட்டகச்சிவிங்கி மாதிரி சும்மா நின்னுச்சு. சோளம் நின்ன இடத்துலயே காகிதமாச்சு. நான் என்ன பண்ணணும்னு நெனச்சே?"

அவள் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்:

"நாளைக்கு நான்தான் ஏமாத்திக் கையெழுத்து வாங்கினேன்னு சொல்லிக்க. நான் மறுக்கமாட்டேன். உன் பேரு தப்பிக்கும்."

அவள் பொய்யாகச் சொல்லவில்லை. மனதாரத்தான் சொன்னாள். அதனால்தான் அவரால் சாப்பிட முடியவில்லை.

கணக்கு எளிதுதான். பட்டியலை வாசிக்காவிட்டால் கோழை. தன் பெயரைத் தாண்டி வாசித்தால் பொய்யன். மனைவி மேல் போட்டால் அதைவிடக் கேவலம். எல்லாவற்றையும் வாசித்தால், இருபத்திரண்டு வருடச் சொல்லும் ஒரு பெயரில் கவிழும். அந்தச் சொல்லைத் தவிர ஓர்லினிடம் வேறு பெரிய சொத்து எதுவும் இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை சோயா அறுப்பு உச்சத்தில் இருந்தது. பனி காயுமுன் வயலில் இறங்க முடியாது, ஆனாலும் ஆறு மணிக்கே எல்லோரும் அறுவடை இயந்திரத்தின் கண்ணாடி அறைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வீட்டில் கேட்டால் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே வெளுக்கிற நேரம். பக்கத்துக் குன்றிலிருந்து பார்த்தால் பத்துப் பன்னிரண்டு மைலுக்கு வயலுக்கு வயல் ஒரு இயந்திரம், விளக்கைப் போட்டுக்கொண்டு, அசையாமல். மாதா கோயிலில்கூட இத்தனை பேர் இவ்வளவு அடக்கமாக உட்கார்ந்ததில்லை.

வானிலையும் விளம்பரமும் முடித்து, ஆறே முக்காலுக்கு ஓர்லின் தொண்டையைச் செருமினார்.

"பட்டியல் எங்கிட்ட இருக்கு. நூத்தி எழுபத்தெட்டு பேர். வாசிக்கறேன்னு சொன்னேன். வாசிக்கறேன்."

காகிதம் பிரிகிற சத்தம்.

"வோபோர்னி, ஓர்லின் ஜே."

அதற்குப் பின் வானொலியில் ஒன்றுமே இல்லை. பெட்டி கெட்டுப்போய்விட்டதோ என்று லம்பர்ட் ஸ்வோபோடா தட்டிப் பார்த்தாராம்.

"வேற பேரு வாசிக்கப்போறதில்ல. பயந்துட்டு இல்ல. அவங்க கையெழுத்துக்கு அவங்க பதில் சொல்லிக்கட்டும். எனக்கு அந்த உரிமை இருக்குன்னு திங்கக்கிழமை நெனச்சேன். இல்ல. இது என் கையெழுத்து. பக்கத்துல இருக்கற கறையும் என்னுது. படிக்காம போட்டேன். படிச்சிருந்தாலும் போட்டிருப்பேனோ என்னமோ, கெணத்துல மோட்டார் இல்ல. ஆனா நான் சொன்ன கொள்கை தப்புன்னு இன்னிக்கும் சொல்லமாட்டேன். கொள்கை நேராத்தான் இருக்கு. நாந்தான் கோணிட்டேன்."

அறை நடுவில் இருந்த கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் டெல்மர் கையைக் காட்டினார். இரண்டாவது லைனில் ஒரு அழைப்பு.

ஓர்லினுக்கு ஒரு விதி உண்டு: அழைத்தவரை அவர் துண்டிக்கமாட்டார். திட்டினாலும் பாட்டுப் பாடினாலும், அழைத்தவர்தான் போனை வைக்க வேண்டும்.

"வணக்கம், பேசுங்க. பேரு, ஊரு?"

"வணக்கம் சார். முதல் தடவையா பேசறேன். பேரு ஆர்டித் வோபோர்னி. ஊரு உங்க வீடு."

ஓர்லின் நாற்காலி கிரீச்சிட்டது. கவுண்டி முழுக்கக் கேட்டது.

"சொல்லுங்க," என்றார்.

"நீங்க ரொம்ப நல்லா பேசறீங்க சார். ஒரு சந்தேகம். என் வேலிய ஒருத்தன் உடைச்சிட்டான். அப்பறம் அவனே கம்பி வாங்கிக் குடுக்கறான். அதுக்குப் பேரு பிச்சையா?"

"இல்ல."

"வரி போட்டது யாரு? அரசாங்கம். சோயா வாங்கறவன ஓட வெச்சது யாரு? அரசாங்கம். அப்ப கம்பிக்குக் காசு குடுக்கறது யாரு கடமை? சொல்லுங்க சார், உங்க கொள்கைப்படியே சொல்லுங்க."

லம்பர்ட் இயந்திரத்துக்குள் தனியாகக் கைதட்டினார் என்பது பிறகு தெரிந்தது. ஓர்லின் நிதானமாக யோசித்தார். யாரோ ஒரு அந்நியருக்குச் சொல்வதுபோல மரியாதையாகப் பதில் சொன்னார்.

"உடைச்சவன் தன் பையிலேருந்து குடுத்தா அது நியாயம், அம்மா. இவன் பையில ஒண்ணும் இல்ல. கடன் வாங்கிக் குடுக்கறான். நம்ம பேரப்பிள்ளைங்க பையில கைய விட்டு எடுத்து நமக்குக் குடுக்கறான். அதான் எனக்கு வலிக்குது."

பிறகு அவள் குரல் சார் எல்லாம் உதிர்ந்து வந்தது.

"நமக்குப் பேரப்பிள்ளையே இல்லையே ஓர்லின்."

"அடுத்தவங்களுக்கு இருக்கே, ஆர்டித்."

அந்த இடத்தில்தான் பலபேர் இயந்திரத்தின் எஞ்சினை அணைத்தார்கள். இன்னும் தெளிவாகக் கேட்பதற்கு. இரண்டு பேரும் கத்தவில்லை, அழவில்லை. வாஷிங்டனில் ஐந்நூறு பேர் கோட்டு மாட்டிக்கொண்டு வருடம் முழுக்கப் பேசியும் தொடாத இடத்தை, கிணறும் சோளமும் மட்டும் தெரிந்த இரண்டு பேர் ஏழு நிமிடத்தில் தொட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. பனிக்குளிர் என்று சொல்லிக்கொண்டார்கள்.

"நிலம் நம்ம ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு," என்றார் ஓர்லின். "பாதி என்னுது. அந்தப் பாதிப் பணத்தத் திருப்பிக் குடுத்துடறேன். உன் பாதிக்கு நீ சொல்றதுதான் சட்டம்."

"தாராளமா குடு. என் பாதில நான் மோட்டார் வாங்கறேன். குழாய் வட்டமா சுத்தும். என் பாதில மட்டும் தண்ணி ஊத்திட்டு உன் பாதி வந்ததும் நிக்குமா? உன் சோளமும் அரசாங்கத் தண்ணியத்தானே குடிக்கும். அப்ப என்ன பண்ணுவே?"

ஓர்லின் விரலால் மேசைமேல் ஒரு வட்டம் போட்டுப் பார்த்தார். நாற்பது வருடமாகச் சுழல் குழாய் பழுது பார்க்கிறவர்.

"தெரியல," என்றார்.

அந்தச் சொல் அந்தக் கோபுரத்தின் வழியாக இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட வெளியே போனதில்லை. கடல்வழி தெரியும், வட்டி விகிதம் தெரியும், எந்தப் படை எந்த எல்லையில் நிற்கிறது தெரியும். தெரியாது என்று ஒன்று இருப்பது அன்றுதான் கவுண்டிக்குத் தெரிந்தது. அதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரிய மரம் தானாகக் கொஞ்சம் குனிந்ததைப் பார்த்ததுபோல் இருந்தது.

"சரி," என்றாள் ஆர்டித், மெதுவாக. "மணி ஏழாகப்போகுது. சோள விலையை வாசி. எல்லாரும் காத்திருக்காங்க." அவளே போனை வைத்தாள்.

எட்டு மணிக்கு வேளாண் அலுவலகம் திறந்தபோது வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். தனித்தனி வண்டியில் வந்திருந்தார்கள். உள்ளே ஷெர்லீன் என்ற எழுத்தர். அவளும் கேட்டிருந்தாள், முகத்திலேயே எழுதியிருந்தது.

"பாதியத் திருப்பிக் குடுக்கணும்," என்றார் ஓர்லின்.

"அதுக்கு ஃபாரம் இல்லையே சார்."

"வாங்கறதுக்கு எத்தன பக்கம்?"

"பதினொண்ணு."

"திருப்பிக் குடுக்க?"

"இங்க நான் வந்து பத்தொம்பது வருஷம். யாரும் கேட்டதில்ல." அவள் மாநிலத் தலைநகர் லிங்கனில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அங்கே ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மூன்றாமவரிடம் கொடுத்தார். ஷெர்லீன் ஒவ்வொருவரிடமும் "இல்ல, இன்னும் வேணும்னு கேக்கல, திருப்பிக் குடுக்கறாரு" என்று முதலிலிருந்து சொன்னாள். மூன்றாமவர், அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா என்று கேட்டாராம்.

இதற்குள் ஐந்தாறு விவசாயிகள் வேறு வேலையாக வந்தவர்கள்போல உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றார்கள். லம்பர்ட்டும் வந்தார். கையில் ஸ்பானர். அதை ஓர்லின் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போய் நின்றுகொண்டார்.

ஷெர்லீன் போனை வைத்தாள். "வெள்ளைத் தாள்ல கைப்பட எழுதிக் குடுக்கச் சொல்றாங்க. காரணம் போடணுமாம்."

ஓர்லின் எழுதினார். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக. 'எங்கள் நிலத்தில் என் பாதிக்கு வந்த பணத்தைத் திருப்பித் தருகிறேன். நான் ஒன்றைச் சொன்னேன், வேறொன்றில் கையெழுத்துப் போட்டேன். சொன்னதை வைத்துக்கொள்கிறேன்.' கீழே பெயரைப் போட்டுவிட்டு, தாளை மேசையில் நகர்த்தினார். ஷெர்லீனிடம் அல்ல, ஆர்டித்திடம்.

அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

"ஒரு வரி விட்டுப்போச்சு," என்றாள்.

"என்ன?"

அவள் பேனாவை வாங்கி, அவருடைய கையெழுத்துக்குக் கீழே தன் நேர்த்தியான எழுத்தில் எழுதினாள்: 'இவர் மனைவிக்கு இதில் உடன்பாடு இல்லை.' தன் பெயரைப் போட்டாள். தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

ஓர்லின் படித்தார். தலையை ஆட்டினார்.

"சரியா இருக்கு," என்றார். ஷெர்லீனிடம் கொடுத்தார்.

ஷெர்லீன் அதன்மேல் முத்திரை குத்துவதற்கு இரண்டு தடவை முயன்றாள். கண் அவர்கள் இருவர் மேலும் இருந்ததில் முதல் முத்திரை மேசையில் விழுந்தது.